ஸ்மார்ட் ஸ்பீக்கரும் தமிழ்ப் பாட்டும்: வீட்டில் இரண்டையும் சேர்த்து வைப்பது எப்படி?

இந்த முறை பாடத்திட்டத்தைப் பற்றியோ மதிப்பீட்டைப் பற்றியோ எழுதவில்லை. நம் மாணவர்கள் பலருடைய வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

என் உயர்நிலை 2 மாணவர்களுக்கு ஒரு வீட்டுப் பழக்கம் கொடுத்திருக்கிறேன். தினமும் 15 நிமிடம் தமிழில் ஏதாவது கேட்க வேண்டும். பாட்டு, வானொலி, செய்தி, கதை, எதுவானாலும் சரி. கேட்டதில் புதிதாகத் தெரிந்துகொண்ட ஒரு சொல்லைக் 'கேட்டல் பதிவேட்டில்' எழுத வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாணவனுடைய பதிவேடு மட்டும் ஐந்து வாரமாக வெறுமையாகவே இருந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். வகுப்பில் இரண்டு முறை கண்டித்தேன். பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் அவன் அம்மாவிடமும் சொன்னேன்.

அவர் சொன்ன பதில் இது: "டீச்சர், கேக்கக்கூடாதுன்னு இல்ல. வீட்ல இருந்த பழைய ரேடியோ பழுதாயிடுச்சு. அதுக்குப் பதிலா இவன் அப்பா ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தாரு. அதுகிட்ட தமிழ்ப் பாட்டுப் பேரச் சொன்னா வேற என்னமோ பாடுது. ரெண்டு நாள் பாத்துட்டு இவனும் விட்டுட்டான். எங்க மாமியார் சமைக்கும்போது எப்பவும் ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப அவங்க அதுகிட்ட வாயே திறக்கிறதில்ல. இங்கிலீஷ்ல கேட்டாத்தான் பாடுமாம்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பையன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். கேட்கச் சொன்ன எனக்கு, அவன் வீட்டில் கேட்பதற்கு வழி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது. அந்த வார இறுதியில் என் வீட்டு ஸ்பீக்கரையும் நண்பர்கள் வீட்டில் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

இது சின்ன விஷயம்போல் தோன்றலாம். ஆனால், சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழ் ஒலிக்கும் நேரம் ஏற்கெனவே குறைவு. இருந்த ஒரு வானொலியும் நின்றுபோனால், கேட்டல் கருத்தறிதல் தேர்வில் மட்டும் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எப்படிச் சரளமாகக் காதில் விழும்?

பெட்டி வேறு, பாட்டு வேறு

பெற்றோர் பலரும் செய்யும் முதல் தவறு, ஸ்பீக்கரை வாங்கினால் பாட்டும் அதற்குள்ளேயே இருக்கும் என்று நினைப்பது. உண்மையில் இதில் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

முதலாவது, பெட்டி. அமேசான் எக்கோ, கூகிள் நெஸ்ட், ஆப்பிள் ஹோம்பாட் போன்றவை. ஒலியை வெளியிடுவது இதன் வேலை.

இரண்டாவது, நம் குரலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் உதவியாளர். அலெக்ஸா, கூகிள் அசிஸ்டெண்ட், சிரி ஆகியவை இந்த வகை.

மூன்றாவது, பாட்டு வைத்திருக்கும் இசைச் சேவை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக் போன்றவை. வானொலிச் செயலிகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஒலி 96.8 கேட்பதற்கு மீலிசன் செயலி இருக்கிறது. மலேசியாவின் மின்னல் எஃப்எம், ராகா ஆகியவற்றையும் இணையம்வழி கேட்கலாம்.

இந்த மூன்றும் ஒரே நிறுவனத்துடையவையாக இருந்தால் பெரும்பாலும் தகராறு இல்லை. வெவ்வேறு நிறுவனத்துடையவையாக இருந்தால், அவற்றுக்குள் ஒப்பந்தம் இருந்தால்தான் சேர்ந்து வேலை செய்யும். அந்த ஒப்பந்தமும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் சித்தப்பா வீட்டு எக்கோவில் ஜியோசாவன் பாடுகிறது என்பதால், இங்கே நம் கணக்கில் அப்படியே பாடும் என்று சொல்ல முடியாது. கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தே சேவைப் பட்டியல் அமையும்.

பாட்டு பெட்டிக்குள் வரும் மூன்று வழிகள்

இந்தப் பகுதி புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

வழி 1: வாயால் கேட்பது. நாம் சொல்கிறோம். உதவியாளர் புரிந்துகொண்டு, இணைத்து வைத்த இசைச் சேவையில் தேடி, இணையத்திலிருந்து நேராகப் பாட்டை எடுத்துப் போடுகிறது. திறன்பேசிக்கு இதில் வேலையே இல்லை.

வழி 2: திறன்பேசியில் தேர்ந்தெடுத்துப் பெட்டியிடம் ஒப்படைப்பது. கூகிள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் ஆகியவை இப்படி வேலை செய்பவை. பாட்டை நாம் திறன்பேசியில் தேர்ந்தெடுக்கிறோம். அதன் பிறகு பெட்டியே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்கிறது. திறன்பேசி வெறும் ரிமோட் மாதிரி. அதை எடுத்துக்கொண்டு நாம் கடைக்குப் போய்விட்டாலும் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தொடங்கும்போது திறன்பேசியும் பெட்டியும் ஒரே வைஃபையில் இருப்பது நல்லது.

வழி 3: திறன்பேசியே பாடுவது, பெட்டி அதை உரக்கச் சொல்வது. இதுதான் புளூடூத். திறன்பேசியில் எந்தச் செயலியில் என்ன ஒலித்தாலும் பெட்டியில் கேட்கும். ஒப்பந்தம், நாடு எந்தக் கவலையும் இல்லை. ஆனால், திறன்பேசி பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏறக்குறைய 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சுவர் இருந்தால் இன்னும் குறையும். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும்.

ஆப்பிளின் ஏர்பிளே பார்ப்பதற்கு இரண்டாவது வழிபோல இருக்கும். ஆனால், ஐபோனில் உள்ள மற்ற நிறுவனச் செயலிகளிலிருந்து அனுப்பும்போது பெரும்பாலும் ஐபோனே வைஃபை வழியாக ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். ஐபோன் வீட்டைவிட்டுப் போனால் பாட்டும் போய்விடும்.

எந்தப் பெட்டிக்கு எது பொருந்தும்?

கூகிள் நெஸ்ட் வகை: யூடியூப் மியூசிக், ஸ்பாட்டிஃபை இரண்டையும் இணைக்கலாம். காஸ்ட் வசதியுள்ள மற்ற செயலிகளிலிருந்தும் அனுப்பலாம். புளூடூத்தும் உண்டு. ஒரு விஷயம்: யூடியூப் மியூசிக் இலவசக் கணக்கில் ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டால், அதே பாட்டு வராமல் அதைப்போன்ற பாட்டுகளின் தொகுப்பு ஓடும். 'சொன்ன பாட்டு வரலையே' என்று புலம்புவதற்கு முன் கணக்கு இலவசமா, கட்டணமா என்று பாருங்கள்.

அமேசான் எக்கோ வகை: ஸ்பாட்டிஃபையை இணைக்கலாம். யூடியூப் மியூசிக்கில் பாட்டு வைத்திருப்பவர்கள் புளூடூத் வழியாகத்தான் போட வேண்டும்.

ஆப்பிள் ஹோம்பாட் வகை: ஆப்பிள் மியூசிக் நேராகப் பாடும். ஸ்பாட்டிஃபை வேண்டுமென்றால் ஐபோனிலிருந்து ஏர்பிளே. இதில் கவனிக்க வேண்டியது, ஹோம்பாட் புளூடூத் வழியாகப் பாட்டை வாங்கிக்கொள்ளாது. ஆண்ட்ராய்டு திறன்பேசி மட்டும் உள்ள வீட்டுக்கு இது ஒத்துவராது.

சாதாரண புளூடூத் ஸ்பீக்கர்: இதற்குக் காதும் கிடையாது, இணையமும் கிடையாது. ஆனால், எந்தத் திறன்பேசியோடும் சேரும். விலையும் குறைவு. தமிழ் கேட்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பல வீடுகளுக்கு இதுவே போதும்.

தமிழ்ப் பாட்டுப் பெயர் ஏன் புரிவதில்லை?

நான் சோதித்த ஸ்பீக்கர்களின் மொழிப்பட்டியலில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. எனவே நம் வீடுகளில் பெட்டி ஆங்கிலத்தில்தான் கேட்கிறது. நாம் தமிழில் ஒரு பாட்டின் முதலடியைச் சொன்னால், அதை ஆங்கிலச் சொற்களாகவே கேட்கப் பார்க்கும். கேட்டதற்கு நெருக்கமாக எது கிடைத்ததோ அதைப் போட்டுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இசைச் சேவைகளில் தமிழ்ப் பாட்டுகளின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. எழுதும் முறையும் ஆளுக்கு ஆள் மாறும். ழகரத்தை ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், இன்னொருவர் வேறு விதமாக எழுதுவார். குறில் நெடில் வேறுபாடு பாதி இடங்களில் காணாமல் போகும். நாம் வகுப்பில் லகர, ளகர, ழகரத்துக்கு மல்லுக்கட்டுகிறோம். பெட்டிக்கு அந்த மூன்றும் ஒன்றுதான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். பாட்டுப் பெயரை ஆங்கிலேயர் உச்சரிப்பதுபோல நெளித்துச் சொன்னால் பெட்டிக்குச் சில நேரம் புரிகிறது. சரியாகச் சொன்னால் புரிவதில்லை. தமிழைச் சரியாக உச்சரிக்கும் பாட்டி தோற்றுப்போகிறார். தவறாகச் சொல்லும் பேரன் ஜெயிக்கிறான். சில நாளில் பாட்டி பேசுவதை நிறுத்திவிடுகிறார். அந்த வீட்டில் நடந்தது இதுதான்.

தமிழ் கேட்கும் காது திறன்பேசியில் இருக்கிறது

பெட்டிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஆண்ட்ராய்டு திறன்பேசிக்குத் தெரியும். கூகிள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டு, அதிலுள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது தமிழ் எழுத்தாக மாறும். தேடும் கட்டத்தில் அப்படிப் பேசினால் பாட்டைக் கண்டுபிடிப்பது மிக எளிது. குறிப்பாக யூடியூபில் பல பாட்டுகளின் தலைப்பில் தமிழ் எழுத்தும் இருப்பதால் உடனே கிடைக்கும். ஆகவே, தமிழில் கேட்பதைத் திறன்பேசியிடம் விடுவோம். உரக்கப் பாடுவதை மட்டும் பெட்டியிடம் விடுவோம்.

இதை வைத்து நான் அந்த அம்மாவுக்குச் சொன்ன ஏற்பாடு இது.

1. வீட்டில் மேசை அறைக்குள் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுங்கள். சிம் அட்டை வேண்டாம். வீட்டு வைஃபை போதும்.

2. போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். முகப்பில் வானொலிச் செயலி, இசைச் செயலி ஆகிய இரண்டை மட்டும் பெரிதாக வையுங்கள். மற்றதை எடுத்துவிடுங்கள்.

3. ஸ்பீக்கரோடு புளூடூத்தில் இணையுங்கள். ஒருமுறை இணைத்தால் போதும். பிறகு பெரும்பாலும் அதுவாகவே சேர்ந்துகொள்ளும்.

4. போனைச் சமையலறைப் பக்கம், மின்னூட்டியோடு ஓர் இடத்தில் நிரந்தரமாக வையுங்கள். அம்மாவின் சொந்த போன் காலையில் அவரோடு வேலைக்குப் போய்விடும். பழைய போன் வீட்டிலேயே இருக்கும். பாட்டி எப்போது வேண்டுமானாலும் தொட்டுக் கேட்கலாம்.

5. பாட்டுப் பட்டியல் ஒன்றைக் குடும்பமாகச் சேர்ந்து உருவாக்குங்கள். பாட்டி ஐந்து பாட்டு, அம்மா ஐந்து, பிள்ளை ஐந்து. பதினைந்து பாட்டு என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

வாயால் கேட்கும் வசதியை விட மனமில்லை என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கூகிளிலும் அலெக்ஸாவிலும் நாமே ஒரு சொற்றொடரைக் கொடுத்து, அதைச் சொன்னால் இந்தப் பட்டியலைப் போடு என்று 'ரொட்டீன்' அமைக்கலாம். ஆங்கிலக் காதுக்கும் எட்டும் சொல்லாகப் பார்த்து வைக்க வேண்டும். என் வீட்டில் 'அம்மா ரேடியோ' என்று வைத்தது நன்றாக வேலை செய்தது. ழகரம் உள்ள சொல்லை வைத்தபோது பத்தில் ஏழு முறை பெட்டி மன்னிப்புக் கேட்டது.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

பாட்டு நடுவில் நின்றுவிடுகிறது: ஸ்பாட்டிஃபை தனிநபர்க் கணக்கில் ஒரே நேரத்தில் ஓர் இடத்தில்தான் இணையம்வழி பாட்டு ஓடும். அம்மா எம்ஆர்டியில் கேட்கத் தொடங்கினால் வீட்டில் நிற்கும். ஒரே முகவரியில் இருப்பவர்கள் குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை சேரலாம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், வீட்டு போனில் வானொலி கேட்கலாம்.

தமிழ்ப் பட்டியல் முடிந்ததும் வேறு மொழிப் பாட்டு வருகிறது: சேவை தானாகவே அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. அமைப்பில் 'ஆட்டோபிளே' என்பதை அணைத்துவிடுங்கள். அல்லது பட்டியலைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வையுங்கள்.

யூடியூபில் திரையை அணைத்தால் பாட்டு நிற்கிறது: கட்டணம் செலுத்தாத கணக்கில் அப்படித்தான். வானொலிச் செயலிகளில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

திறன்பேசியில் பெட்டியின் பெயரே தெரியவில்லை: இரண்டும் வேறு வேறு வைஃபையில் இருக்கலாம். விருந்தினர் வைஃபையில் இருந்தால் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பெரும்பாலும் தடுத்திருப்பார்கள். வீட்டு ஸ்பீக்கரைப் பள்ளிக்குக் கொண்டுவந்து வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இதே பிரச்சினை வரும். வகுப்புக்குப் புளூடூத்தே நல்லது.

இணையம் நிறைய செலவாகுமா: வினாடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 72 மெகாபைட். வீட்டு வைஃபையில் இது பெரிய விஷயமே இல்லை. திறன்பேசித் தரவில் கேட்பவர்கள் மட்டும் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

எப்போதும் கேட்டுக்கொண்டிருக்குமே: எக்கோவிலும் கூகிள் ஸ்பீக்கர்களிலும் ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. புளூடூத்தில் மட்டும் கேட்பவர்கள் அதை அணைத்தே வைக்கலாம். பாட்டு தடைப்படாது.

பெற்றோருக்கு அனுப்ப ஒரு குறிப்பு

கீழே உள்ளதை உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றி அனுப்பலாம்.

"அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகள் தினமும் 15 நிமிடம் தமிழ் கேட்க உதவுங்கள். புதிய ஸ்பீக்கர் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் ஸ்பீக்கரோடு ஒரு திறன்பேசியைப் புளூடூத்தில் இணைத்தால் போதும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் வீட்டில் எந்தச் செயலியில் தமிழ் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். அது அந்த ஸ்பீக்கரில் வேலை செய்யுமா என்று கடையிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள். பாட்டைப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்தால், ஏன் அந்தப் பாட்டு பிடிக்கும் என்று பிள்ளையிடம் ஒரு வரி சொல்லுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாட்டு பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் மொழி வளர்ந்துவிடாது. அதைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

வகுப்பில் ஒரு நடவடிக்கை

இருவர் இருவராகப் பிரியச் சொல்லுங்கள். ஒருவர் ஸ்பீக்கர், மற்றவர் வீட்டில் இருப்பவர். ஸ்பீக்கருக்குத் தமிழ் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 'பாட்டைப் போடு, நிறுத்து, ஒலியைக் குறை, அடுத்த பாட்டுக்குப் போ' என்று கட்டளை கொடுக்க வேண்டும். பிறகு அதே வேலையைப் பாட்டியிடம் கேட்பதாக மாற்றச் சொல்லுங்கள். 'போடு' என்பது 'போடுங்க பாட்டி' ஆகும், 'கொஞ்சம் குறைக்கிறீங்களா' ஆகும். ஏவலும் வேண்டுகோளும் எங்கே பிரிகின்றன என்பது 10 நிமிடத்தில் புரிந்துவிடும். ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, இசைப்பட்டியல், திறன்பேசி போன்ற சொற்களும் தானாகப் புழக்கத்துக்கு வந்துவிடும்.

முடிவாக

அந்த மாணவன் வீட்டில் இப்போது பழைய போன் சமையலறையில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு இன்னும் தமிழ் தெரியாது. பாட்டிக்கு போன் சில நேரம் பிடிபடுவதில்லை. அப்போது, "தம்பி, இங்க வா, அந்தப் பழைய பாட்ட எடுத்துக் குடு" என்று பேரனைக் கூப்பிடுகிறாராம். அவன் தேடும் கட்டத்தைத் திறந்து பிடிக்கிறான், பாட்டி முதலடியைச் சொல்கிறார். மூன்று வாரம் கழித்து அவனுடைய பதிவேட்டில் முதல் சொல் வந்தது: 'தென்றல்'. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'பாட்டி சொன்னது, தெற்கிலிருந்து வரும் காற்று' என்று எழுதியிருந்தான். எல்லா நாளும் எழுதுவதில்லை. வாரத்துக்கு மூன்று, நான்கு வருகிறது. எனக்கு அது போதும்.

அவனைக் கண்டித்ததற்காக வகுப்பு முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தேன். நீங்களும் பதிவேடு வெறுமையாக இருக்கும் மாணவரைப் பார்த்தால், "ஏன் கேக்கல?" என்பதற்கு முன்னால், "வீட்ல எதுல கேப்ப?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் மாணவர்கள் வீட்டில் வேறு ஏதாவது ஏற்பாடு பலன் தந்திருந்தால், அதை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். எல்லோருக்கும் பயன்படும்.